காத்திருக்கும் கைகளுக்கு ஒரு காகிதம்

புறநோயாளிகள் பிரிவில் காத்திருப்போரின் கைகளை நாங்கள் கவனிப்பதுண்டு. டோக்கன் சீட்டை மடிப்பர், பிரிப்பர், மீண்டும் மடிப்பர். அந்தக் கைகளுக்குக் காகித மடிப்புக் கலையைப் பழக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இக்கலையில் எங்களுக்கு மிகவும் விருப்பமானவர் ஜப்பானின் தோமோகோ ஃபூசே. சிறுவயதில் மருத்துவமனையில் இருந்தபோது இதைக் கற்றவர் அவர். மருத்துவர்களாகிய எங்களுக்கு அதனால் ஒரு பாரபட்சம் உண்டு என்றால் மறுக்கமாட்டோம். ஒரே மாதிரியான சிறு துண்டுகளை மடித்து, பசையின்றி ஒன்றோடொன்று செருகிப் பெட்டியும் உருண்டையும் அமைப்பது அவரது பாணி. படுக்கையில் இருப்பவர் இரண்டு, உடனிருப்பவர் இரண்டு, பேரப்பிள்ளை இரண்டு என மடித்தால் ஒரு கனசதுரம் ஆகிவிடும். இரவெல்லாம் கண்விழிக்கும் துணைவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதே அதன் சிறப்பு.

அகிரா யோஷிசாவா (1911–2005) காகிதத்தை இலேசாக ஈரப்படுத்தி மடித்தார். அதனால் அவரது விலங்குகளுக்கு உயிருள்ள உடலின் வளைவு வாய்த்தது. மடிப்புகளைக் கோடுகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் முறையை வகுத்தவரும் அவரே. எழுத்தறியாதவரும் அதைப் பின்பற்றலாம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் லாங், வெட்டாத ஒரே தாளில் கால்களும் உணர்கொம்புகளும் கொண்ட பூச்சிகளைக் கணக்கிட்டு மடிப்பவர். வியக்கலாம், சலைன் ஏறும் கையோடு முயல வேண்டாம்.

இவர்களுக்கு முன்பே நம் நாட்டில் ஒருவர் இருந்தார் என்பதைப் பலர் அறியார். சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஒழுங்கற்ற தாளிலிருந்து சதுரம் எடுப்பதில் தொடங்கி, ஐங்கோணம், அறுகோணம் என அது வளர்கிறது. ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் எடுத்துக்காட்டிய பின் அது உலகறிந்தது. அலங்காரமற்ற அந்தத் தெளிவு எங்களை ஈர்க்கிறது.

பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் நினைவில் இருக்கிறார். மனைவி தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, அவர் கட்டைவிரலால் மடிப்பை அழுத்தினார். கப்பல் கோணலாகத்தான் வந்தது. இருவரும் அன்றுதான் சிரித்தனர். இது சிகிச்சைக்கு மாற்று அன்று. இயன்முறை மருத்துவரிடம் கேட்டே தொடங்குக.

அடுத்த முறை கீழப்பழுவூருக்கு வரும்போது பழைய நாட்காட்டித் தாள்கள் சிலவற்றைக் கொண்டுவாருங்கள். மருந்துச் சீட்டை மட்டும் மடிக்க வேண்டாம்; மருந்தகத்தில் அதைக் கேட்பார்கள்.