டிமைத்தாளில் ஐந்து பெயர், வேலை செய்தது யார்?

"குழுவாப் பிரிஞ்சு செய்யுங்க." பள்ளிக்கூடத்தில் நாம் அடிக்கடி கேட்ட வசனம். பிறகு நடப்பது தெரிந்த கதைதான். கையெழுத்து நல்லா இருக்கிற பிள்ளை டிமைத்தாளில் எழுதும். வாயுள்ளவன் முன்னால போய்ப் பேசுவான். மீதி மூன்று பேர் பெயரை மட்டும் கொடுப்பார்கள். ஐந்து பேருக்கும் ஒரே புள்ளி.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று பெரியவர்கள் சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம். 5ஆம் ஆண்டு புலமைப்பரிசிலில் இருந்தே தனியா ஓடத்தானே பழக்கினீர்கள்? பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டக் கோட்டாவை நாங்கள் குறை சொல்லவில்லை. நுவரெலியாப் பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் பக்கத்துக் கதிரையில் இருக்கிற கூட்டாளியே போட்டியாளன் என்ற பயம் இங்கிருந்துதான் வருது. வெறும் பயம்! மாவட்டமே எழுதுகிற சோதனையில், ஒருத்தனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பதால் நம்ம இடம் பறிபோகாது.

கட்டுகஸ்தோட்டைக்கு வரும் மகாவலி பேராதனையைத் தொட்டுத்தான் வருது. அங்கே பல்கலைக்கழகத்தில் 'குப்பி' உண்டு. குப்பி விளக்கின் பெயர்தான். சோதனை நெருங்கினால், விளங்கியவர் விளங்காதவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். காசில்லை, புள்ளியில்லை. தமிழில் ஏ.எல் படித்துவிட்டு ஆங்கில விரிவுரையில் முழிக்கிற பிள்ளையைக் கரையேற்றுவது பல நேரம் இந்தக் குப்பிதான். சொல்லிக் கொடுத்தவருக்கும் பாடம் இன்னொரு தரம் விளங்கும்.

குப்பியிலும் குறையுண்டு. பாஸ்ட் பேப்பருக்குள்ளேயே சுருங்கிவிடும். பிழையாக விளங்கியவர் பிழையைத்தான் பரப்புவார். அதனால்தான் ஆசிரியர் வேணும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒருவர் வாய் திறக்காவிட்டால் மற்றவர்களுக்கு முழுப்பாடம் கிடைக்காது. அங்கே சும்மா பெயர் கொடுக்க வழியில்லை.

ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது பெரிசா ஒன்றுமில்லை. வேலையைப் பிரித்துக் கொடுங்கள். குழுவில் யாரையும் எழுப்பி முழுசாக் கேளுங்கள். புள்ளியை ஆளாளுக்குப் போடுங்கள்.

கூட்டாளிகளே, குப்பிக்குப் பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். ஓ.எல் வகுப்பிலேயே கொளுத்தலாம்.