வங்கிப் படிவமும் தமிழ்ப் பெயரும்

பிள்ளைக்குப் பெயரிடுதல் எளிது. அப்பெயரைக் கடல் கடந்த ஊரில் ஒரு வங்கிப் படிவத்தில் எழுதுதல் அத்துணை எளிதன்று. இலக்கணம் கற்ற காலத்திலும், பின்னர் அதனைக் கற்பித்த நீண்ட காலத்திலும் இவ்வுண்மையை நான் அறிந்தேனல்லேன். என் மாணவி ஒருத்திக்கு நேர்ந்த இடரே அதனை எனக்கு அறிவித்தது.

கொட்டாஞ்சேனையிற் பிறந்து வெள்ளவத்தையில் வளர்ந்தவள் அவள். தந்தையார் அவளது இளமையிலேயே காலமானார். தாயார் நகைகளை அடைவு வைத்து மகளை மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். சென்ற முதல் வாரத்திலேயே அவள் அங்குள்ள வங்கி ஒன்றிற் கணக்குத் திறக்கச் சென்றாள். அவளுடைய கடவுச்சீட்டையும் பல்கலைக்கழகம் கொடுத்த கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த எழுதுவினைஞர், "இவை இரண்டும் ஒருவர் பெயரே என்று எவ்வாறு கொள்வது?" என வினவித் திருப்பி அனுப்பிவிட்டார். அவள் பெயரில் ழகரம் ஒன்று உண்டு. கடவுச்சீட்டில் அது 'எல்' என்னும் ஓரெழுத்தாலும், கடிதத்தில் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்தாலும் எழுதப்பட்டிருந்தது.

அந்த ஈரெழுத்து எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்தே வந்தது. பரீட்சை விண்ணப்பம் நிரப்பிய நாளில், "தமிழின் சிறப்பெழுத்தை லகரமாக்கிக் கொல்லலாமா?" என்று கடிந்து, அவள் எழுதியதை மாற்றுவித்தவன் நான். பரீட்சைச் சான்றிதழ் என் திருத்தத்தைப் பின்பற்றியது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை அவள் அச்சான்றிதழைப் பார்த்து நிரப்பினாள். கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பின்பற்றியது. ஒருத்தி இருவராயினாள்.

புதிய கடிதம் பெற்றுக் கணக்குத் திறப்பதற்கு மூன்று வாரங்கள் சென்றன. அதுவரை தாயார் திரட்டிய பணம் கொழும்பிலேயே கிடந்தது; மகள் கையிலிருந்த காசு நாளுக்கு நாள் தேய்ந்தது. வாடகையை வங்கி வழியாகவே செலுத்துக என்றார் வீட்டுக்காரர்; வீட்டு முகவரிக்குச் சான்று தருக என்றது வங்கி. ஒருவாறு கணக்குத் திறந்த பின்னர் வங்கியிலிருந்து ஒரு வரவேற்புக் கடிதம் வந்தது. அது அவளை அவள் தந்தையின் பெயரிட்டு விளித்திருந்தது! முதற்பெயரால் அழைத்தல் அந்நாட்டில் நட்புக்கு அடையாளம். படிவத்தின் முதலில் நின்றதோ தந்தை பெயர். இச்செய்தியை என்னிடம் சொன்ன தாயார், "அவர் போகாத ஊருக்கு அவர் பெயர் போய்விட்டது, ஐயா" என்றார். அவர் சிரித்தாரா அழுதாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்பது நமது பழமரபு. சங்கப் புலவர் வரிசையில் 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்னும் பெயரைக் காண்க. ஊர் முதலில், தந்தை அடுத்து, தாம் இறுதியில். கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் கோயிலை நிறுவிய பொன்னம்பல முதலியாருக்குக் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என மைந்தர் மூவர். மூவரும் பொன்னம்பலம் என்பதை முன்வைத்தே பெயர் வழங்கினர். இன்றைய வங்கிப் படிவம், சகோதரர் மூவர்க்கும் ஒரே முதற்பெயர் என்று கொண்டு மயங்குமன்றோ?

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக விளங்கிய பர்மியர் ஊ தாண்ட். அதில் 'ஊ' என்பது மரியாதை அடை, பெயர் 'தாண்ட்' என்னும் ஒரு சொல்லே. ஐஸ்லாந்திலும் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரே உடன்வரும். உலகத்துப் பெயர்கள் பலவகை. படிவத்துப் பெட்டிகளோ இரண்டே.

எழுதுவினைஞரை நான் குறை கூறேன். கள்ளப் பணம் புகாமற் காப்பது அவர் கடமை. அவருக்கு நம் குடும்பம் தெரியாது. தாள் மட்டுமே தெரியும். பிரித்தானியாவில் 2020 முதல், பணம் அனுப்புவோர் எழுதும் பெயரைப் பெறுவோரின் கணக்குப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் வந்துள்ளது. இலண்டனிலுள்ள மாமன் மருமகளுக்கு நூறு பவுண் அனுப்பினாலும் எழுத்துப் பிழை தடையாகலாம்.

முகவரிச் சிக்கலை விதியால் அவிழ்க்கலாம். இந்திய ரிசேர்வ் வங்கி அவ்வாறு செய்துள்ளது. அங்கே பயிலச் செல்லும் பிறநாட்டு மாணவர், கடவுச்சீட்டையும் விசாவையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டிக் கணக்குத் திறந்து, உள்ளூர் முகவரியை 30 நாட்களுக்குள் உறுதிப்படுத்த இடமுண்டு. அதுவரை 1,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பணம் அக்கணக்கிற்கு வருதல் கூடாது. பிற நாடுகளும் இதனைப் பின்பற்றலாம். ஆயின் பெயர்ச் சிக்கலை எந்த நாட்டு விதியும் நமக்காக அவிழ்க்காது.

"குடும்பப்பெயர் ஒன்றை வைத்துக்கொண்டால் தொல்லை தீருமே" என்பார் உளர். ஆனந்தக் குமாரசுவாமியின் தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. 'குமாரசுவாமி' என்பது பாட்டனார் பெயர். இங்கிலாந்தில் வளர்ந்த பேரனுக்கு அதுவே குடும்பப்பெயராயிற்று. அதனால் அவ்வறிஞரின் பெருமை குன்றியதில்லை. விரும்புவோர் அவ்வழியிற் செல்லலாம். ஆனால் அது நாம் தேர்ந்த வழியாக இருத்தல் வேண்டும். படிவத்தின் பெட்டி நம்மைத் தள்ளிய வழியாக இருத்தல் ஆகாது.

இனி, ழகரம். என் போன்ற பண்டிதர்கள் இங்கேதான் பிழைபட்டோம். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்க வேண்டும் என்றார் தொல்காப்பியர். அந்நெறியிலே கம்பர் இலக்குமணனை இலக்குவன் ஆக்கினார்; விபீடணனை வீடணன் ஆக்கினார். பிறர் பெயரை நம் எழுத்துக்கு இசைவித்த நாம், நம் பெயர் பிறர் எழுத்துக்குச் செல்லும்போது சிறிது நெகிழ்ந்தால் தமிழ் அழிந்துவிடுமா? கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன. வரிக்கு 44 குறிகள். உரோமன் எழுத்துக்கே அங்கு இடமுண்டு. அவ்விடத்திற் ழகரத்துக்காகப் போராடுவதிற் பயனில்லை. நம் நாவிலும் ஏட்டிலும் அதனைக் காப்போம். அங்கே வேண்டுவது அழகிய எழுத்தன்று, மாறாத எழுத்து.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன், ஒவ்வொரு மாணவரின் பிறப்புச் சான்றிதழையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வாங்கிப் பாருங்கள். எழுத்துக்கு எழுத்து அதுவே எங்கும் வருக. பிழையிருப்பின் மூலத்தையே முறைப்படி திருத்துங்கள். கிளையை மாத்திரம் திருத்தாதீர்கள். தந்தை பெயர் எது, தன் பெயர் எது என்பதை அயலார்க்கு ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தில் விளக்க மாணவரைப் பழக்குங்கள். இதற்கு ஒரு பாடவேளை போதும்.

நான் இவ்வாண்டு அதனைத் தொடங்கிவிட்டேன். முதல் வகுப்பில் என் சிவப்பு மையை மேசையிலேயே வைத்துவிட்டு, பிறப்புச் சான்றிதழ்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.