உயர்தர மோட்டார் காரும் எரிபொருட் கணக்கும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் மிராசுதார்கள் வில்வண்டி கட்டிய காலம் மாறி, அவர்களுட் சிலர் செடான் என்னும் உயர்தர மோட்டார் காரை வாங்கும் காலம் வந்திருக்கிறது. இதில் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், விதைநெல் ஒரு மூட்டை வாங்கும்போது அதன் முளைப்புத் திறனைக் கேட்டறியும் குடியானவர், பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் காருக்கு எந்த எரிபொருள் ஏற்றது, லிட்டருக்கு அது மெய்யாக எத்தனை தூரம் ஓடும் என்பவற்றை விற்பனையாளரின் சொல்லை நம்பியே தீர்மானித்துவிடுகிறார். வயலுக்குக் கணக்கு வைப்பவர் காருக்கும் கணக்கு வைத்தல் வேண்டும்.

விளம்பரத்தில் அச்சிடப்படும் மைலேஜ் பொய்யன்று. ஆனால் அது ரோட்டில் ஓடிக் கண்ட எண்ணுமன்று. புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை நிலையங்களில் காரின் சக்கரங்களை உருளைகளின்மேல் சுழலவிட்டு, விதிக்கப்பட்ட வேக அட்டவணைப்படி சுமார் 20 நிமிஷம் இயக்கி அளப்பார்கள். நெடுங்காலமாகக் கையாளப்பட்ட அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 32 கிலோமீட்டரளவே. குளிர்சாதனம் இயங்காது; எதிர்க்காற்றும் மேடுபள்ளமும் வேகத்தடையும் குறுக்கிடா. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பாத்தியில் கண்ட மகசூல், வாய்க்காலின் கடைமடை வயலில் அப்படியே கிடைக்குமென்று எந்த மிராசுதாரும் எதிர்பார்ப்பதில்லை. காரின் எண்ணையும் அவ்வாறே கொள்ளல் வேண்டும். ஒரு காரை மற்றொரு காருடன் ஒப்பிடுதற்கு அவ்வெண் பயன்படும். வீட்டுச் செலவைக் கணிப்பதற்குப் பயன்படாது.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குச் செல்லும் ரோட்டை எடுத்துக்கொள்வோர்க்கு இதன் உண்மை விளங்கும். மலையேற்றம் இல்லாத சமதரையாயினும், ஊருக்கு ஊர் வேகத்தடை, வளைவு, மாட்டு மந்தை, அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் காயும் நெல் ஆகியவற்றால் காரை நிறுத்தியும் கிளப்பியும் ஓட்ட நேர்கிறது. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் மாதா கோயில் திருவிழாக் காலத்தில் நாகப்பட்டினத்திற்கும் வேளாங்கண்ணிக்கும் இடையில் வண்டிகள் ஊர்ந்து செல்லும். ஊரும் காரில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்க, தூரம் ஏறாமலே பெட்ரோல் தீரும். கனத்த காருக்கும் பெரிய இஞ்சினுக்கும் இந்நஷ்டம் அதிகம்.

ஆதலின் அளக்கும் முறையைக் குடியானவர் கைக்கொள்ளல் வேண்டும். பெட்ரோல் பங்கில் குழாய் தானே நிற்கும்வரை டாங்கியை நிரப்பி, தூரமானியைப் பூஜ்யமாக்கி, வழக்கமான வேலைகளுக்கே காரை ஓட்டி, சுமார் 400 கிலோமீட்டருக்குப் பின் அதே பங்கில் அதே விதமாக மீண்டும் நிரப்புக. ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மெய்யான மைலேஜ் கிடைக்கும். 450 கிலோமீட்டர் ஓடி 36 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர். லிட்டர் விலை 100 ரூபாய் என்று கணக்கிற்காகக் கொண்டால், கிலோமீட்டருக்கு 8 ரூபாய். மூன்று முறை அளந்து சராசரி காண்பது உத்தமம். காரின் முகப்புத் திரை காட்டும் எண்ணைவிட இவ்வெண் நம்பத் தக்கது.

இனி எரிபொருளைப் பற்றி. பெட்ரோலில் எத்தனால் என்னும் எரிசாராயத்தைக் கலப்பது நூதன விஷயமன்று. அதற்கென 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலப்பு எட்டப்பட்டது. நூற்றுக்கு இருபது பங்கு கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூரில் தொடங்கிவைக்கப்பெற்று, 2025-ஆம் ஆண்டிற்குள் நாடெங்கும் பரவிற்று. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்பசக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே. எனவே கலப்பற்ற பெட்ரோலோடு ஒப்பிட, இருபது பங்கு கலப்பில் சக்தி நூற்றுக்கு ஏறக்குறைய 7 குறையும். பத்துப் பங்கு கலப்போடு ஒப்பிடின் குறைவு 3½ அளவே. நீதி ஆயோக் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட திட்ட அறிக்கையும், பழைய அமைப்புள்ள நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் நூற்றுக்கு 6 முதல் 7 வரையும், இருபது பங்கு கலப்பிற்கெனச் சீரமைக்கப்பட்டவற்றில் 1 முதல் 2 வரையும் குறையுமென்று மதிப்பிட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புலப்படும். மைலேஜ் குறைகிறது என்னும் புகார் வீண் பிரமை அன்று. ஆனால் நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்பவர், எத்தனாலைப் பழிக்குமுன் டயர்க் காற்று, காற்று வடிகட்டி, ஓட்டும் வேகம், குளிர்சாதனம் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

பங்குகளில் அதிக விலைக்கு விற்கும் உயர் ஆக்டேன் பெட்ரோலைப் பற்றியும் மயக்கம் உண்டு. ஆக்டேன் எண் சக்தியின் அளவன்று. அழுத்தத்தில் பெட்ரோல் தானே வெடித்து இஞ்சினைத் தட்டாமலிருக்கும் தன்மையின் அளவு. காரின் கையேடு 91 அல்லது 95 போதுமென்று கூறுமாயின், 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றுவதால் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு உயராது. வளமான வண்டல் நிலத்திற்கு வேண்டாத உரமிடுவதைப் போன்றதே அது. கையேடு உயர் ஆக்டேனை வற்புறுத்தும் கார்களுக்கு மாத்திரம் அச்செலவு தகும்.

டீசல் லிட்டருக்கு அதிக தூரம் ஓடும் என்பது மெய்யே. அதன் வெப்பசக்தியும் அதிகம், இஞ்சினின் திறனும் அதிகம். ஆயினும் 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் 6 விதிகளின்கீழ் வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் சீராக ஓடிச் சூடேறினாலன்றி அதில் சேர்ந்த கரி எரிந்து நீங்காது. வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து கடைத்தெருவுக்கும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுபவர்க்கு இதனால் தொல்லையே. பல கார்களுக்கு யூரியாக் கரைசலும் வேண்டும். அது நூற்றுக்கு 32.5 பங்கு சுத்த யூரியா உடையது. வயலுக்கு வாங்கிய வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைக் கரைத்து ஊற்றுவது காரைக் கெடுக்கும். மானிய உரத்தைத் துர்விநியோகம் செய்வதுமாகும். டீசல் காருக்கு மூன்று லட்சம் ரூபாய் அதிக விலை, கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் எனக் கொண்டால், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகே முதல் திரும்பும். அவ்வளவு ஓட்டாதவர் டீசலை நாடுவது சிக்கனமன்று.

பெட்ரோல் இஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார், ஊர்ந்து செல்லும் ரோட்டிற்கு அனுகூலமானது. பிரேக் பிடிக்கையில் வீணாகும் சக்தியை மின்சாரமாகச் சேமித்துக்கொள்ளும். 2024 டிசம்பரில் வெளியான டொயோட்டா கேம்ரிக்கு அறிவிக்கப்பட்ட எண் லிட்டருக்கு 25.49 கிலோமீட்டர். அதுவும் சோதனைச் சாலையின் எண்ணே; வாங்குபவர் தாமே அளந்துகொள்ளவேண்டும்.

கடலோரத்தார்க்கு மற்றொரு ஜாக்கிரதை தேவை. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்புடையது. வேளாங்கண்ணி, வேதாரண்யம் போன்ற ஈரக்காற்றுள்ள ஊர்களில் டாங்கியைப் பாதி காலியாக வைத்துக் காரை மாதக்கணக்கில் நிறுத்தலாகாது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களில் ரப்பர்க் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் அவ்வப்போது சோதித்து மாற்றுதல் நலம்.

எத்தனால் கலப்பினால் அந்நியச் செலாவணி மிஞ்சுகிறது. கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் புதிய சந்தை பிறந்திருக்கிறது. பயிரிடுவோர் இதனை எதிர்ப்பது நியாயமாகாது. எனினும் சக்தி குறைந்த சரக்கை முழு விலைக்கு விற்பதும் நியாயமாகாது. இருபது பங்கு கலந்த பெட்ரோலின் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாயிருத்தல் வேண்டுமென்று 2021-ஆம் ஆண்டு அறிக்கையே யோசனை கூறியது. எத்தனாலின் கொள்முதல் விலை உயர்ந்துவிட்டதென்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அது உண்மையாயினும், பாரத்தைச் சுமப்பவர் வண்டி ஓட்டுபவர் ஒருவரே. மேற்கூறிய கணக்கின்படி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுபவர்க்கு 1,200 லிட்டர் செலவாகிறது. நூற்றுக்கு 3½ குறைந்தால் சுமார் 44 லிட்டர், அதாவது 4,400 ரூபாய் கூடுதல். உயர்தரக் காருடைய மிராசுதார்க்கு அது சிறு தொகை. அதே விகிதத்தில் நஷ்டமடையும் வாடகைக் கார்க்காரர்க்கும், மோட்டார் சைக்கிளில் வயலுக்குச் செல்லும் சிறு குடியானவர்க்கும் அது சிறிதன்று. நெல்லில் ஈரப்பதம் மிகுந்தால் கொள்முதல் நிலையத்தில் கேள்வி எழுகிறது. பெட்ரோலில் சக்தி குறைந்தால் விலையில் அக்குறைவு தெரியவேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு பங்கிலும் கலப்பின் அளவு தமிழில் தெளிவாக எழுதப்படுதலும், குறைந்த சக்திக்கு ஏற்ற விலைச் சலுகை அளிக்கப்படுதலும் அவசியம். கிராம நிர்வாக அலுவலர்கள் முதலிய உத்தியோகஸ்தர்கள், தம்மிடம் வரும் குடியானவர்க்கு டாங்கி நிரப்பி அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தால் பேருதவியாகும். தேதி, தூரம், லிட்டர், ரூபாய் என நான்கு கலமிட்ட சிறு நோட்டு ஒன்று போதும். வெறும் பேச்சாய் எழுப்பும் புகாரைவிட, ஆறு மாதக் கணக்குடன் எழுப்பும் கோரிக்கைக்கு வலிமை அதிகம்.