திணையிலிருந்து தொழிலை நீக்கியவர்கள்

ஓவிய விருதொன்றின் பாராட்டுரைதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது. மேற்கு இயற்கையை வென்றதாம், கிழக்கு அதில் கரைந்ததாம், தமிழரோ திணை கண்டு அதனோடு ஒன்றாகிவிட்டனராம். பரிசு பெற்ற படங்களில் அருவி உண்டு, மயில் உண்டு. வேலை செய்கிற ஆள் ஒருவர்கூட இல்லை.

தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை என்பவற்றோடு தொழிலையும் சேர்த்தே சொல்கிறது. தினைப்புனக் காவல் இல்லாமல் குறிஞ்சி ஏது? உப்பு விளைப்பவரும் அதை வண்டியேற்றும் உமணரும் இல்லாத நெய்தல் வெறும் மணல். திணை என்பது நிலத்தோடு உழைத்துப் பெற்ற உறவு.

மேற்கு, கிழக்கு என்ற பங்கீடும் படங்களின் முன்னால் நிற்காது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் ஃபான் குவான் வரைந்த மலைப்படம் ஆறடிக்கு மேல் உயரம். அடிவாரத்தில், தேடினால்தான் கண்ணில் படும் அளவில், சுமையேற்றிய கோவேறு கழுதைகளைச் சிலர் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மேற்கே 1565இல் புரூகல் வரைந்த அறுவடைப் படத்தில் பாதி வயல் இன்னும் நிற்கிறது. மரத்தடியில் சிலர் சாப்பிடுகிறார்கள், ஒருவன் காலைப் பரப்பித் தூங்குகிறான். இதில் யார் யாரை வென்றார்கள்?

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் எங்களுக்குப் பழைய பித்து. அதில் தவம் செய்பவன் அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கு ஆய்வாளர்களோடு இருக்கட்டும். பாறைப் பிளவையே ஆறாக்கி, அதன் கரையில் துணி பிழிகிறவனையும் குடம் சுமப்பவனையும் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிகிறது. மானை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த சிற்பிக்கு, தண்ணீர் சுமப்பவனும் பார்க்கத் தக்கவனாகவே இருந்தான்.

நாங்கள் இருக்கும் பம்மலுக்கு என்ன திணை? பக்கத்துப் பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இருக்கிறது. அந்த வட்டாரக் குன்றுகளைத்தான் குவாரிகள் ஜல்லியாக்கின. நாகல்கேணியில் டேனரிகள், குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் கம்பெனியால். கல்லுடைத்தவர், தோல் தொட்டியில் இறங்கியவர் யாவரையும் விட்டுவிட்டு இந்த ஊரின் இயற்கையை வரைய முடியாது. வரைந்தால் அவர்களுடைய சாதியைப் பற்றியும் பேச வேண்டிவரும். மயிலிடம் அந்தச் சிக்கல் இல்லை. திணையைப் பெருமைப் பட்டயமாக்கியவர்கள் அதிலிருந்து தொழிலைக் கழற்றியது தற்செயல் என்று நாங்கள் நம்பவில்லை.

குவாரியையும் டேனரியையும் அங்கே உழைத்தவர்களோடு வரைந்து வைத்திருப்பவர்கள் படங்களை அனுப்புங்கள். அடுத்த இதழின் அட்டை அதற்குத்தான்.