வீட்டுத் தொட்டியில் பூப்பது பிரம்ம கமலமா? இமயமலையின் அசல் பூவும் அதற்கு வந்திருக்கும் சிக்கலும்

"பிரம்ம கமலம் பூத்தது, பார்க்கத் திரண்ட மக்கள்". வருஷா வருஷம் இந்தச் செய்தி ஏதாவது ஒரு ஊரிலிருந்து வந்துவிடும். ராத்திரியில் வெள்ளையாக விரிந்து விடிவதற்குள் வாடிப்போகும் அந்தப் பூ, உண்மையில் பிரம்ம கமலம் கிடையாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த ஒரு கள்ளி வகை அது.

அசல் பிரம்ம கமலம் பூப்பது இமயமலையில், சுமார் 3,700 முதல் 4,600 மீட்டர் உயரத்தில். ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான்!

அசல் பூ எப்படி இருக்கும்?

இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. உத்தராகண்டின் மாநில மலர். கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களில் சுவாமிக்குச் சாத்தப்படுகிறது. வெளியே வெளிர்மஞ்சளும் பச்சையும் கலந்து காகிதம் மாதிரி தெரிபவை இதழ்களே அல்ல. அவை இலையின் மாற்று வடிவமான பூவடிச் செதில்கள். உள்ளே ஒளிந்திருக்கும் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள்தான் நிஜப் பூக்கள். குளிர்காற்று, மழை, கடும் வெயில் மூன்றிலிருந்தும் அவற்றைக் காப்பது இந்தப் போர்வைதான்.

சிக்கிம் பக்கம் வளரும் 'சிக்கிம் சுந்தரி' செடியும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறது. அதன் செதில்கள் வெளிச்சத்தை உள்ளே விட்டு, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கின்றன. செடியே தனக்கு ஒரு பசுமைக்குடில் கட்டிக்கொள்கிறது!

சில மாதங்களில் எல்லாம் முடியணும்

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். பிறகு பனி மூடிவிடும். அந்த இடைவெளிக்குள் துளிர்த்து, பூத்து, விதையும் விட்டாக வேண்டும். அதனால் பல உயர்மலைச் செடிகள் முந்தின வருஷமே மொட்டைத் தயாராக வைத்துக்கொள்கின்றன.

மகரந்தச் சேர்க்கைக்குப் பூச்சி வேண்டுமே? உடல் முழுக்க ரோமம் கொண்ட பம்பிள் தேனீக்கள் தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றிக்கொண்டு குளிரிலும் பறக்கும். அவையும் வராவிட்டால்? ஆல்பைன் பிஸ்டார்ட் என்ற செடி பூந்தண்டின் கீழ்ப்பகுதியில் குட்டிக் குமிழ்களை உருவாக்கும். அவை உதிர்ந்து அப்படியே புதுச் செடியாகிவிடும். சேர்க்கையே தேவையில்லை.

அப்புறம் என்ன பிரச்சினை?

குளிரைச் சமாளிக்கும் செடியால் மனிதக் கையைச் சமாளிக்க முடியவில்லை. பூஜைக்கும் நாட்டு மருந்துக்கும் பிரம்ம கமலம் பறிக்கப்படுகிறது. விதை முற்றும் முன்பே பூ போய்விட்டால், அந்த வருஷத்துக்கான அடுத்த தலைமுறையும் போச்சு.

இதன் விளைவு எதுவரை போகும் என்பதற்கு அதன் உறவுச் செடி ஒன்று உதாரணம். திபெத்தில் மருந்துக்காகப் பறிக்கப்படும் ஒரு வகைப் பனித்தாமரை, வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடிந்துவிடும். உயரமான செடிகளையே மக்கள் தேடிப் பறித்ததால், தப்பித்து விதை விட்டவை குட்டையானவை மட்டுமே. பழைய உலர்மாதிரிகளை ஒப்பிட்டு 2005-ல் வெளியான ஆய்வு, சுமார் நூறு ஆண்டுகளில் அந்த இனமே குள்ளமாகி வந்திருப்பதைக் காட்டியது.

இன்னொரு பக்கம் பூமி சூடாகிறது. ஐரோப்பாவில் 302 மலைச் சிகரங்களை ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வின்படி, கீழே வளரும் செடிகள் முன்பைவிட வேகமாக மேலே குடியேறுகின்றன. ஏற்கெனவே உச்சியில் இருக்கும் செடிகளோ போட்டியில் சிக்குகின்றன. அதற்கு மேலே நகர அவற்றுக்கு மலை இல்லை.

சூடேறுவதை ஒரு ஊரோ ஒரு கோயிலோ தனியாக நிறுத்திவிட முடியாது. ஆனால் விதை விழும்வரை பூவைச் செடியிலேயே விட்டுவைப்பது, அங்கே போகும் ஒவ்வொருவராலும் முடியும்.