நுரையீரலைக் கட்டாந்தரையில் வளர்க்கலாமா?

நெல் ஒன்றுதான். சேற்று நாற்றங்காலில் விதைத்தால் பச்சைப் பசேலென்று எழும்பும். அதே நெல்லைக் கட்டாந்தரையில் வீசினால்? முளைத்தாலும் நோஞ்சானாக நிற்கும். நெல்லைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தரையைத்தான் பார்க்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1964-ம் ஆண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. நாளடைவில் வயல்கள் பட்டறைகள் ஆயின. சேறு போய்த் தூசி வந்தது.

அந்தத் தூசி மனிதனின் நுரையீரலை என்ன செய்கிறது? அதைத் தடுக்க மருந்து உண்டா? இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளும் ஒருவகை விவசாயம் செய்கிறார்கள். அவர்கள் விதைப்பது நுரையீரலின் உயிரணுக்களை. அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: தரை எப்படி?

தட்டில் வளரும் உயிர்

உயிரணு என்பது உடம்பின் மிகச் சிறிய செங்கல். "செல்" என்றும் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் இருந்து இவற்றைப் பிரித்து எடுத்து, ஊட்டமான திரவம் ஊற்றி, பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கிறார்கள். உடம்புச் சூடான 37 டிகிரியிலேயே வைத்திருக்கிறார்கள். பிறகு அதில் மருந்தையோ தூசியையோ போட்டுப் பார்க்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நுரையீரல் பஞ்சு போன்றது. பிளாஸ்டிக் தட்டு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு அளவில் கடினமானது!

மெத்தையில் படுத்துப் பழகிய குழந்தையைக் கருங்கல்லில் கிடத்தினால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான் செல்லுக்கும்.

குணம் மாறுகிறது

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று அப்பளம் போல் தட்டையானது. காற்று அதன் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. மற்றொன்று உருண்டு திரண்டது. அது வழவழப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள் இருப்பதால்தான் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வது இல்லை.

இந்த இரண்டாவது வகைச் செல்லைப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால், சில நாட்களில் அது தட்டையாகப் பரவி விடுகிறது. சுரக்கும் தொழிலையும் மறந்து விடுகிறது. மென்மையான, கூழ் போன்ற படுக்கையில் வளர்த்தால் தன் குணத்தை அதிக நாள் காப்பாற்றிக் கொள்கிறது.

நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிப் போகும் நோய் ஒன்று உண்டு. மூச்சுத் திணறலில் ஆளையே முடக்கிவிடும். தழும்பை உண்டாக்கும் செல்களை அமெரிக்க விஞ்ஞானிகள் 2010-ம் ஆண்டில் சோதித்தார்கள். மெத்தென்ற தரையில் அவை அமைதியாக இருந்தன. கடினமான தரையில் பெருகின. நோய்ப்பட்ட நுரையீரலில் நடப்பது போலவே நடந்துகொண்டன.

அப்படியானால், கடினமான தட்டில் வளர்த்த செல்லை "ஆரோக்கியமான செல்" என்று எப்படிச் சொல்வது? அது பாதி நோயாளி. பாதி நோயாளியிடம் மருந்தைச் சோதித்தால் விடை சரியாக வருமா?

சென்னை கண்ட முப்புரிக் கயிறு

உடம்புக்குள் செல்லுக்குப் படுக்கையாக இருப்பது எது? கொலாஜன் என்ற புரதம் அதில் முக்கியமானது. தோலிலும் எலும்பிலும் நுரையீரலிலும் அது இருக்கிறது.

அந்தக் கொலாஜனின் அமைப்பை உலகத்துக்கு விளக்கியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு! சென்னைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-ம் ஆண்டில் அதைக் கண்டார். மூன்று இழைகள் சேர்ந்த கயிறு அது. ஆராய்ச்சிக்கு வேண்டிய கங்காரு வால் தசைநாண், அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து கிடைத்தது.

இன்று உலகத்துச் சோதனைச் சாலைகள் பலவற்றில் தட்டின் மேல் கொலாஜன் பூசிச் செல்களை வளர்க்கிறார்கள். அந்தப் படுக்கையின் ரகசியத்தை அவிழ்த்த ஊரிலேயே செல்கள் கல்லில் கிடக்கலாமா?

மூச்சு விடும் சில்லு

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் வீஸ் நிலைய விஞ்ஞானிகள் 2010-ல் இன்னொரு படி மேலே போனார்கள். பென்சில் அழிக்கும் ரப்பர் அளவில் ஒரு சில்லு செய்தார்கள். அதற்குள் மெல்லிய, துளைகள் நிறைந்த சவ்வு. ஒரு பக்கம் நுரையீரல் செல். அதன் மேல் காற்று. மறு பக்கம் ரத்தக் குழாயின் செல். சவ்வை இழுத்து இழுத்து விட்டார்கள். மூச்சு விடுவது போலவே அது விரிந்து சுருங்கியது.

அதில் மிக நுண்ணிய சிலிக்கா துகளைப் போட்டுப் பார்த்தார்கள். மணலில் இருப்பதும் சிலிக்காதான். அசையாமல் இருந்த செல்லைவிட, மூச்சு விட்ட செல்லில் கேடு அதிகமாகத் தெரிந்தது.

பட்டறைத் தொழிலாளி இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதன் நாள் ஒன்றுக்குச் சுமார் 20 ஆயிரம் தடவை மூச்சு விடுகிறான். அசையாத தட்டில் "கேடு குறைவு" என்று வந்த தூசி, அசையும் நெஞ்சில் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

குளோரோகுயின் தந்த பாடம்

2020-ல் கொரோனா வந்த காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குரங்கின் சிறுநீரகச் செல்லில் குளோரோகுயின் மருந்து அந்தக் கிருமியைத் தடுத்தது. உலகமே பரபரத்தது. அந்த மருந்தின் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவ ஊழியர்கள் முன்தடுப்பாகச் சாப்பிடலாம் என்று இந்தியாவில் 2020 மார்ச்சில் யோசனை கூறப்பட்டது. சில மாதங்களில் ஜெர்மனி விஞ்ஞானிகள் மனித நுரையீரல் செல்லில் சோதித்தார்கள். மருந்து தடுக்கவில்லை! நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனைகளிலும் பலன் தெரியவில்லை.

அங்கே மாறியது தரை அல்ல, செல். ஆனாலும் பாடம் ஒன்றே. உடம்பில் உள்ளது போன்ற செல்லை, உடம்பில் உள்ளது போன்ற இடத்தில் வைத்துக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

செலவு ஆகாதா?

ஆகும். பிளாஸ்டிக் தட்டு மலிவு. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைக்கிறது. அதைக் குப்பையில் போடச் சொல்வது நியாயம் அல்ல. 1960-களில் வளர்க்கத் தொடங்கிய மனித நுரையீரல் செல்களில்தான் ரூபெல்லா தடுப்பூசிக்கான கிருமியை வளர்த்தார்கள். அந்த வேலைக்குக் கடினமான தரையே போதும். "இந்த மருந்து மனித நெஞ்சில் பலிக்குமா?" என்ற கேள்விக்குத்தான் அது போதாது.

2023 மார்ச்சில் இந்திய அரசாங்கம் புதிய மருந்து விதிகளைத் திருத்தியது. மிருகங்களுக்குப் பதிலாக இத்தகைய சில்லுகளிலும் மருந்தைச் சோதிக்க வழி திறந்தது. கதவு திறந்தாயிற்று. உள்ளே நுழைய ஆள் வேண்டும்.

யார் நுழைவது? போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிலையம், காற்று மாசு பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்திலேயே தொழிற்பேட்டைத் தூசியும் இருக்கிறது. இந்த வட்டாரத்துத் தூசியை, மென்மையான தரையில், மூச்சு விடும் செல்லில் சோதிக்க இவற்றைவிட ஏற்ற இடம் எது? அதற்குப் பணம் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. தூசியை எழுப்பும் தொழில்களின் கடமையும்கூட.

பொதுமக்களுக்கும் ஒரு வேலை உண்டு. "சோதனைச் சாலையில் மருந்து வெற்றி!" என்று செய்தி வந்தால், "எந்தச் செல்? எந்தத் தரை?" என்று கேட்க வேண்டும். விடை தெரியும் வரை கடைக்கு ஓடக்கூடாது.

ஆராய்ச்சி முடியும் வரை பட்டறைகளும் காத்திருக்க வேண்டியது இல்லை. கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் தெளிக்கலாம். தூசியை உறிஞ்சும் விசிறி வைக்கலாம். தொழிலாளிக்குத் தரமான முகமூடி கொடுக்கலாம். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் தந்தை இருமாமல் திரும்பினால், குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் ஏது?