சமயங்களின் வேற்றுமையும் சரித்திர வகுப்பும்

நம் மாநிலத்து ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில், அறிவு மலர்ச்சியையும் அதனோடு நேர்ந்த சமூக அரசியல் மாற்றங்களையும் பற்றிய பாடம் ஒன்று இருக்கிறது. சீனத்துக் கன்பூசியஸும் லாவோட்சேயும், பாரசீகத்து ஜொராஸ்டரும், கங்கைச் சமவெளியின் மகாவீரரும் புத்தரும் அந்த ஒரே பாடத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக வந்து போகிறார்கள். பதினான்கு பிராயத்துப் பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் புத்தகங்களில், இதைவிடப் பெரிய விஷயத்தைப் பேசும் பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நடைமுறையில் அது பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், நூலின் பெயர், கொள்கைகளின் எண்ணிக்கை என்று ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சிதறி, கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. கன்பூசியஸ் கி.மு. 551-இல் பிறந்தார் என்று பிழையின்றி எழுதும் மாணவிக்கு, அவர் எந்தச் சங்கடத்துக்கு விடை தேடினார் என்பது தெரியாமலே வருஷம் கழிந்துவிடுகிறது.

சீனத்தில் சௌ வம்சத்தின் ஆதிக்கம் பெயரளவுக்குச் சுருங்கி, அதன் கீழிருந்த சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கத் தலைப்பட்டிருந்த காலம் அது. பழைய சடங்குகள் எஞ்சியிருக்க, அவற்றுக்கு உயிரளித்த கட்டுப்பாடு போய்விட்டிருந்த அந்த நாட்டில், ஒழுங்கை எங்கிருந்து மீட்பது என்று யோசித்தவர் கன்பூசியஸ். கங்கைக் கரையிலோ இரும்புக் கருவிகளும் நாணயமும் வணிகச் சாத்துகளும் புதிய நகரங்களை எழுப்பியிருந்தன. குலக்குழுக்களின் பழைய உறவு தளர்ந்து, வேள்வியில் கால்நடைகளைப் பலியிடும் வழக்கம் உழவனுக்கும் வணிகனுக்கும் பாரமாகத் தோன்றத் தொடங்கிய அந்தச் சூழலிலேதான் துக்கத்தின் காரணத்தை ஒருவர் ஆராய்ந்தார், எவ்வுயிரையும் வருத்தாத வாழ்க்கையை மற்றொருவர் வகுத்தார். ஏதென்ஸ் நகரத்தில், கேள்வி கேட்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த சாக்ரடீஸுக்கு அந்நகரத்துக் குடிமக்களே கி.மு. 399-இல் மரண தண்டனை விதித்தார்கள். ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ், யூதப் பெண்மணியை மணந்திருந்த காரணத்தால் நாஜி ஆட்சியில் 1937-இல் பதவியை இழந்து, யுத்தம் முடிந்தபின் 1949-இல் வெளியிட்ட நூலில், கி.மு. 800-க்கும் 200-க்கும் இடைப்பட்ட இந்த நூற்றாண்டுகளை மனித சரித்திரத்தின் அச்சு என்று வர்ணித்தார். அவர் கருத்தை மறுத்த சரித்திராசிரியர்களும் உண்டு. ஜொராஸ்டர் அந்தக் காலத்துக்கு வெகுமுன்னே வாழ்ந்தவர் என்று வாதிப்பவர்களும் உண்டு. அந்த மறுப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் சரித்திரமாகிறது. மறைத்துவிட்டால் மனப்பாடப் பட்டியலாகவே நிற்கிறது.

உலகச் சமயங்களையும் தத்துவங்களையும் உயர்நிலைப் பள்ளியில் முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று சொல்பவர்கள் நம்மிடையே குறைவல்லர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பது நன்னெறி வகுப்பையே: எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன, எல்லா நதிகளும் ஒரே கடலைச் சேர்கின்றன என்று நல்ல எண்ணத்தோடு சொல்லி, ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஒரு கதையும் ஒரு பொன்மொழியும் எடுத்துக் கோத்துக் கொடுக்கும் வகுப்பு. அந்த நல்ல எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்த முறையை ஏற்கமாட்டேன். அழிவில்லாத ஆன்மா உண்டு என்பது வேதாந்தத்தின் ஆதாரம். நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது பௌத்தத்தின் ஆதாரம். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவரை ஜைனம் ஏற்பதில்லை. அப்படி ஒருவர் உண்டு என்பதிலிருந்தே யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயங்கள் தொடங்குகின்றன. இயேசு சிலுவையில் மரித்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம்; அவரைத் தீர்க்கதரிசியாகப் போற்றும் இஸ்லாமோ அந்த மரணத்தை ஏற்பதில்லை. இவை மேற்பூச்சான பேதங்கள் அல்ல. இவற்றுக்காகவே மனிதர் துறவு பூண்டார்கள், நாடு கடந்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். இவை எல்லாம் ஒன்றே என்று ஒரு குழந்தையிடம் சொல்வது, அந்த மனிதர்கள் எவரும் தாம் சொன்னதைத் தாமே அறியாதவர்கள் என்று சொல்வதாகும். அண்டை வீட்டான் நம்மைப் போலவே நம்புகிறான் என்று எண்ணிக்கொண்டு அவனோடு இணங்கி வாழ்வது எளிது. அவன் நம்மிலிருந்து வேறாக நம்புகிறான் என்று தெரிந்தும், அதற்கு அவனிடம் உள்ள காரணத்தை உணர்ந்தும் இணங்கி வாழ்வதற்குத்தான் கல்வி வேண்டியிருக்கிறது.

இது தமிழுக்கு அந்நியமான காரியம் அன்று. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாவது காதை முழுவதும் இந்தக் காரியத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வஞ்சி மாநகரத்துக்குத் தவசி வேடத்தில் வரும் மணிமேகலை, பிரமாணங்களைப் பேசும் அளவைவாதியையும், சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி ஆகியோரையும், ஆசீவகரையும் நிகண்டரையும், சாங்கியரையும் வைசேடிகரையும், இறுதியில் கண்ணுக்குப் புலனாகும் பூதங்களுக்கு அப்பால் ஒன்றும் இல்லை என்னும் பூதவாதியையும் தனித்தனியே அணுகி, உம் கொள்கை யாது என்று கேட்கிறாள். அவரவரும் தத்தம் வாயாலேயே சொல்கிறார்கள். அவள் அடைந்த முடிவு பௌத்தம் என்பதும், காப்பியத்தின் சார்பு அதன் பக்கமே என்பதும் உண்மைதான். இருந்தும், கடவுளை மறுப்பவன் உட்பட எதிர்க்கட்சியார் ஒவ்வொருவருக்கும் பேச இடம் கொடுத்த பிறகே அந்த முடிவு வருகிறது; காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அறத்தின் சாரத்தைச் சொல்வதற்கு முன்னே தருக்கத்தைக் கற்பிக்கிறார். ஓர் இளம்பெண்ணின் கல்வி எந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதைப் பற்றிக் காப்பியத்தை இயற்றிய சாத்தனார் கொண்டிருந்த இந்தத் தெளிவு, இன்றைய பாடத்திட்டக் குழுக்களுக்கும் வழிகாட்டக் கூடியதே.

சமயங்களைச் சரித்திரத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தனித்தனி அத்தியாயங்களாக இந்துமதம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று படிக்கும் மாணவன், அவை தனித்தனி அறைகளில் வளர்ந்தவை என்று எண்ணிவிடுகிறான். அரிஸ்டாட்டிலின் நூல்கள் சென்ற வழியைச் சொல்லிக் கொடுத்தால் அந்த எண்ணம் நிற்காது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில், இந்திய எண்முறையைப் பற்றி அல் குவாரிஸ்மி நூல் எழுதிய அதே காலத்தை ஒட்டி, ஹுனைன் இப்னு இஷாக் என்ற கிறிஸ்தவரும் அவருடைய கூட்டத்தாரும் கிரேக்க நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் ஸ்பெயின் தேசத்துக் கார்டோபா நகரத்தில், 1126-இல் இப்னு ருஷ்துவும் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மைமோனிடீஸும் பிறந்தார்கள். முன்னவர் முஸ்லிம் நீதிபதி, பின்னவர் யூத மறையறிஞர். இருவருமே அரிஸ்டாட்டிலைக் கொண்டு தத்தம் வேதத்தை விளங்கிக்கொள்ள முயன்றவர்கள். இப்னு ருஷ்துவின் உரைகள் ஹீப்ரூவுக்கும் லத்தீனுக்கும் சென்று பாரிஸ் சர்வகலாசாலையை அடைந்தபோது, கத்தோலிக்கத் திருச்சபையின் மாபெரும் தத்துவ ஆசிரியரான தாமஸ் அக்வினாஸ் அவரைப் பெரும்பாலும் உரையாசிரியர் என்றே குறிப்பிட்டு, சில இடங்களில் ஏற்றும் சில இடங்களில் கடுமையாக மறுத்தும் எழுதினார். இந்தப் பயணம் சுமுகமாக நடந்ததும் அன்று. கார்டோபாவைக் கைப்பற்றிய ஆட்சியாளரின் கெடுபிடியால் மைமோனிடீஸின் குடும்பம் ஊரைவிட்டு வெளியேறியது. இப்னு ருஷ்து முதுமையில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு அவருடைய தத்துவ நூல்கள் தீயிலிடப்பட்டன. பாரிஸ் நகரத்துப் பிஷப் 1277-இல் 219 கருத்துகளைக் கண்டனம் செய்து தடைவிதித்தார். மூன்று மதங்கள் ஒரு கிரேக்கனிடம் கடன்பட்டதையும், அக்கடனுக்காக மூன்றிலுமே சிலர் துன்புற்றதையும் ஒரே கதையாகக் கேட்கும் பிள்ளைக்கு, நாகரிகங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பது விளங்கத் தொடங்கும்.

சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் மத போதனை கூடாது என்று விதிக்கிறது. சிறுபான்மையோரையும் நம்பிக்கையற்றோரையும் ஒருங்கே காக்கும் நல்ல விதி அது. ஆனால் போதனை வேறு, ஆராய்ச்சி வேறு. திருத்தணியில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, அங்கே கேட்ட கண்டனங்களே தூண்ட வேதாந்தத்தின் அறநெறியை ஆராய்ந்து இளம் வயதிலேயே நூலெழுதிய டாக்டர் ராதாகிருஷ்ணன், 1948-49-ஆம் ஆண்டுகளில் சர்வகலாசாலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். பட்டப்படிப்பின் முதல் வருஷத்தில் புத்தர், கன்பூசியஸ், ஜொராஸ்டர், சாக்ரடீஸ், இயேசு, சங்கரர், ராமானுஜர், மத்வர், முகம்மது நபி, கபீர், நானக், காந்தி ஆகியோரின் வாழ்க்கையைக் கற்பிக்கலாம் என்று அந்தக் கமிஷன் சிபாரிசு செய்தது. 1966-இல் அறிக்கை தந்த கோத்தாரி கமிஷன், மதக் கல்வி வேறு, மதங்களைப் பற்றிய கல்வி வேறு என்று தெளிவாகப் பிரித்து, பின்னதை வரவேற்றது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், மதங்களைப் பற்றிய படிப்பு 28-ஆம் பிரிவுக்கு விரோதமாகாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களின் அச்சமோ அலட்சியப்படுத்தக்கூடியதன்று: ஆராய்ச்சி என்ற பெயரில் பெரும்பான்மையோரின் பிரசாரம் வகுப்புக்குள் நுழைந்துவிடக்கூடும் என்றே அவர்கள் அஞ்சினார்கள். அந்த வாயிலை அடைக்க நான் அறிந்த உபாயம் ஒன்றே: பாடம் பக்தியின் பொறுப்பில் இல்லாமல் சரித்திரத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மொடெஸ்டோ நகரம் சாட்சி. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளில் வழிபாடாக பைபிள் வாசிப்பதை 1963-இல் தடுத்தபோதே, மதங்களைப் பற்றிய நடுநிலையான படிப்புக்குத் தடையில்லை என்றும் கூறியிருந்தது. மொடெஸ்டோவின் பொதுப் பள்ளிகள் 2000-ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் ஒன்பது வார உலகச் சமயப் பாடத்தைக் கட்டாயமாக்கின. விரும்பாத பெற்றோர் விலக்குப் பெறலாம் என்று வைத்தும் வெகுசிலரே விலகினார்கள். ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே பயிற்சி தரப்பட்டது. அவ்வூர்ச் சமயத் தலைவர்களிடம் பாடத்திட்டம் காட்டப்பட்டது. இரு ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவர்கள் தம் மதத்தைக் கைவிடவில்லை. பிறர் மதச் சுதந்திரத்தை மதிக்கும் உணர்வோ அவர்களிடம் வளர்ந்திருந்தது. பல சமயத்தார் குடியேறி, அவர்களுக்கிடையே மனக்கசப்பும் நிலவக்கூடிய ஒரு சாதாரண நகரத்தில் இது நிகழ்ந்தது என்பதே நம் கவனத்துக்குரியது.

மதங்களின் உன்னதத்தை மட்டும் கற்பித்து அவற்றின் குற்றங்களை ஒளிப்பதும் பொய்யே. ஸ்பெயின் 1492-இல் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியதைச் சொல்லாமல் ஐரோப்பாவின் சமய சரித்திரத்தைச் சொல்ல முடியாது; தீண்டாமையைச் சொல்லாமல் நம்முடையதையும் சொல்ல முடியாது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை ஏன் நிறுவினார், அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவரோடு பௌத்தத்தை ஏன் தழுவினார் என்ற கேள்விகள், புத்தரைப் பற்றிய பாடத்தின் பின்னிணைப்புகளல்ல, அதன் நேரான தொடர்ச்சி. பகுத்தறிவு இயக்கம் ஆழமாக வேரூன்றிய இந்த மாநிலத்தில், கடவுள் மறுப்பும் ஒரு தரிசனமாக, உலோகாயதர் முதல் பெரியார் வரை அதற்குரிய வாதங்களோடு, அந்த வகுப்பில் இடம்பெற வேண்டும்.

தூரதேசங்களுக்குப் போகாமலும் இந்தப் பாடத்தைத் தொடங்கலாம். ஸ்ரீவிஜயத்து மன்னன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, தஞ்சையில் பெருவுடையாருக்குக் கோயில் எடுத்த அதே ராஜராஜன் ஏறத்தாழ 1006-இல் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் அதை உரைக்கின்றன. அந்தத் தானத்தை உறுதிப்படுத்திய ராஜேந்திரன்தான் 1025-இல் ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படை அனுப்பினான். சைவனொருவன் பௌத்தத்துக்கு ஏன் கொடுத்தான்? கொடுத்தவனின் மகன் ஏன் படையெடுத்தான்? வியாபாரத்துக்கும் பக்திக்கும் ராஜதந்திரத்துக்கும் அங்கே என்ன சம்பந்தம்? விகாரத்தின் எஞ்சிய கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த புத்தர் படிமங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவ்வூருக்கு வடக்கே நாகூர் தர்காவும் தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயிலும் உள்ளன. நாகப்பட்டினத்துப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்புக்கு உலக சரித்திரம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பொதுத்தேர்வு இல்லை. ஆகவே அந்த ஒரு வருஷம் இதற்குக் கிடைக்கக்கூடிய இடம். புதிய புத்தகம்கூட உடனே அவசியமில்லை. உள்ள பாடத்துக்கு இப்போது தரப்படும் சில பாடவேளைகளை ஒரு பருவமாக நீட்டி, வினாவின் தன்மையை மாற்றினால் போதும். தான் ஏற்காத ஒரு கொள்கையை, அதை ஏற்பவர் கேட்டால் ஆம், எங்கள் கருத்து இதுவே என்று ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வதே நான் விரும்பும் வினா. சைவ வீட்டுப் பிள்ளை நபிகளின் ஏகத்துவத்தையும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளை நாகார்ஜுனரின் சூனியவாதத்தையும், கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை உலோகாயதத்தையும் அப்படி எழுதவேண்டும். அந்த விடைத்தாளை நியாயமாகத் திருத்துவதற்கு உபாத்தியாயருக்கும் அதே பயிற்சி வேண்டும், இன்று பி.எட். முடித்து வரும் சரித்திர ஆசிரியர் பலருக்கு அதைப் பெறும் வாய்ப்பே அமைவதில்லை. அரசாங்கம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுவே; மாணவர் புத்தகத்தைத் திருத்துவது அதற்கு அடுத்த வேலை.